கதவுக்குப் பின்னால் தொங்கிய பாஸ்போர்ட் பை

போன செவ்வாய்க்கிழமை காலை, எல்லையில் பாஸ்போர்ட் சோதிக்கும் கஸ்டம்ஸுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஜோகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்... அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று. உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனில் தனி அறை தேடினேன்.

ஏன் தேட மாட்டேன்? மூன்று பெண்கள், ஒரே வாடகை வீடு. என் துண்டில் யாரோ தலை துவட்டுகிறார்கள். நான் சமைத்து வைத்த சம்பால் காணாமல் போகிறது. யாரைக் கேட்டாலும், "நான் இல்ல லா" என்றுதான் பதில் வரும்.

போதாக்குறைக்கு பாஸ்போர்ட் பிரச்சினை வேறு. விடியற்காலை அவசரத்தில் யாராவது ஒருத்தி அதை மறந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அதனால் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையை மாட்டி, மூன்று பாஸ்போர்ட்டையும் அதில் போட்டு வைத்தோம். யோசனை என்னுடையதுதான். அதில் எனக்குப் பெருமை வேறு.

போன் அடித்தது. புஷ்பா. யோங் பெங்கிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருப்பவள். மாதக்கணக்கில் வேலை தேடி அலைந்தவளுக்கு அன்று காலை சிங்கப்பூரில் இன்டர்வியூ.

"பையில ஒரு பாஸ்போர்ட்தான் இருக்கு. அது ஃபரிதாவோடது." அழுதுவிடுவாள் போலிருந்தது. ஃபரிதா எங்கள் வீட்டின் மூன்றாமவள்.

நான் எடுத்து வந்த பாஸ்போர்ட்டைத் திறந்தேன். போட்டோவில் புஷ்பா என்னை முறைத்தாள். எல்லாம் ஒரே சிவப்பு அட்டை... இருட்டில் எவள் திறந்து பார்க்கிறாள்?

"அழாத. உன்னோடது என்கிட்டதான் இருக்கு. கார் புடிச்சு கஸ்டம்ஸுக்கு வா. எஸ்கலேட்டர்கிட்ட நிக்கிறேன்."

"அப்ப உன்னோடது?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். நீ மொதல்ல வா."

கஸ்டம்ஸில் இறங்கி எஸ்கலேட்டர் பக்கம் நின்றேன். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு மேலே ஏறியது. என்னால் இந்த வேலை கைநழுவிப் போனால், அதே வீட்டில் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒருவழியாகப் புஷ்பா வந்தாள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, திட்டக்கூட நேரமில்லாமல் ஓடினாள். அப்பாடா... எனக்கு உயிர் வந்தது.

இனி என்னுடையது? அன்று லீவில் வீட்டில் இருந்த ஃபரிதாவை அழைத்தேன்.

"என் பாஸ்போர்ட் அங்க எங்கயாச்சும் கெடக்கா பாரு."

"அலமாக்... உன் ஹேண்ட்பேக் சைடு ஜிப்ப தொறந்து பாரு. நேத்தே எடுத்து வச்சிட்டேன். நீதான் மறக்கிற ஆளாச்சே."

திறந்தேன். இருந்தது. கூட்டத்தின் நடுவே நின்று தனியாகச் சிரித்தேன். கோபப்படலாம் என்றால், யார் மேல்? ஹவுஸ்மேட்டுகளோடு வாழ்வதில் இதுதான் சிக்கல். தொந்தரவு எது, அக்கறை எது என்று பிரித்துப் பார்க்கவே முடிவதில்லை.

சாயங்காலம் புஷ்பா சிரித்துக்கொண்டே வந்தாள். உடனே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். குளித்துவிட்டு வந்து, என் துண்டில்தான் தலை துவட்டினாள். ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன்.

தனி அறை? விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். கட்டில், ஏர்கான், தனிக் குளியலறை, எல்லாம் இருக்கிறது. என் பையில் பாஸ்போர்ட் எடுத்து வைக்க ஓர் ஆள்தான் இல்லை.