இரண்டாம் மாடியில் அத்தை தோற்ற சண்டைகள்

எங்கள் பிளாக்கில் அத்தையைச் சண்டையில் ஜெயித்தவர் யாரும் கிடையாது. தண்ணி லாரி டிரைவர், கேபிள்காரர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் என்று ஆளாளுக்கு ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, அடுத்த தடவை அத்தையைக் கண்டதும் வணக்கம் வைத்தவர்கள்தான். எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் நாலாம் மாடி எங்கள் வீடு. லிஃப்ட் எல்லாம் கிடையாது. அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து நாலாம் மாடிவரை யாரையாவது திட்டிக்கொண்டே ஏறி வருவாள். மூச்சும் வாங்காது, வார்த்தையும் தட்டாது. அப்பேர்ப்பட்டவள், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், இரண்டாம் மாடியில் தினமும் தோற்க ஆரம்பித்தாள். எனக்கு மானம் போனது.

சண்டைக்குக் காரணம் புறா. மொட்டை மாடியில் அத்தை புறாக் கூண்டு வைத்திருந்தாள். அது முதலில் மாமாவுடையது. அவர் வேறொருத்தியோடு குடித்தனம் போகும்போது புறாக்களையும் கூடையில் அடைத்து எடுத்துக்கொண்டுதான் போனார். மறுநாள் காலையில் புறாக்கள் திரும்பி வந்துவிட்டன. மாமா வரவில்லை. வந்ததுகளுக்குத் தீனி போடுவேன், வராததைப் பற்றி என்னிடம் யாரும் பேசக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் புறா பறக்கவிடுவது ஆம்பளைகள் சமாச்சாரம். எந்தப் புறா அதிக நேரம் இறங்காமல் பறக்கிறது என்கிற பந்தயத்துக்குப் பேர் கொடுக்கப் போனபோது, பொம்பளைக்கு எதற்கு இதெல்லாம் என்று சிரித்தார்கள். அத்தை என் அப்பா பேரில் புறாவை விட்டாள். காலையில் மேலே போனது, பொழுது சாய்கிறவரை இறங்கவில்லை. கோப்பை வாங்க மட்டும் அப்பாவை அனுப்பாமல் அவளே போனாள். புறாவைக் கீழே கூப்பிட இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கிற சீட்டி அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

இரண்டாம் மாடிக்காரியின் பால்கனி கூண்டுக்கு நேர் கீழே இருந்தது. புருஷன் செத்த பிறகு தையல் மெஷினை வைத்துப் பிழைத்தவள். தைத்த துணியை அலசிக் கொடியில் போட்டால் எல்லாவற்றிலும் புறா எச்சம். அவள் பக்கம்தான் நியாயம், அது எனக்கும் தெரியும். அதற்காக அத்தையை விட்டுக்கொடுக்க முடியுமா?

முன்பெல்லாம் அத்தை மாடியில் நின்றபடியே அவளுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுவாள். அந்த வருஷம் அத்தையே வலியப் போய்ச் சண்டை இழுத்தாள். கடைக்குப் போய் ஏறி வருவாள். இரண்டாம் மாடி வந்ததும் பையைத் தரையில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னாமே, மொறைக்கிற?" என்பாள். மெஷினில் குனிந்திருந்தவள் முறைத்திருக்க வழியே இல்லை. ஆனாலும் எழுந்து வந்து ஆரம்பிப்பாள். எச்சம், இறகு, கலீஜ் என்று அவள் கொட்டித் தீர்க்கிறவரை அத்தை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவாள். கூடவே போகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தைக்கு அப்போது இருமலும் இருந்தது. வறட்டு இருமல், சளியே வராது. வடசென்னையில் இருமலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணூர்ப் புகை என்றார் அப்பா. குப்பைமேடு எரிகிறது என்றார்கள் பக்கத்து வீட்டில். துறைமுகத்துக் கரித்தூள் என்றார் ராயபுரத்துச் சித்தப்பா. அத்தை வேலை செய்தது ஒரு மருந்துக்கடையில், அதனால் அங்கிருந்த இருமல் மருந்தில் எல்லாக் கலரையும் குடித்துப் பார்த்தாள். கடைசியில் எங்கள் பக்கத்து வைத்தியத்துக்கு வந்தார்கள். புறாவின் இறக்கைக் காற்று பட்டால் நோய் அண்டாது என்பது எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த விஷயம். கை கால் இழுத்துக்கொண்டவர்களைக்கூட எங்கள் கூண்டருகே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அப்பா கூண்டை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அத்தை கூண்டைக் கூட்டிவிட்டு, அந்தத் தூசி அடங்குவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இறக்கைக் காற்றை இழுத்து இழுத்து வாங்கினாள்.

கூண்டு கூட்டிய அன்றைக்கு மட்டும் சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும். மாடி வெயில் என்றோம். ஜாக்கெட் தொளதொளத்தது. அலைச்சல் என்றோம். ஒருநாள் வாயில் விரல் வைத்து ஊதினால் சீட்டி வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. புறாக்கள் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. விரல் தடித்துவிட்டது, அதனால் சீட்டி பிடிக்கவில்லை என்றாள் அத்தை. நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் உருண்டு, நகம் வளைந்து கவிழ்ந்திருந்தது. அவள் சொன்னது சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் இரண்டாம் மாடிக்காரி முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தாள். சண்டையைக் கதவுவரை கொண்டுவந்துவிட்டாளே என்று நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் அத்தையின் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். அத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான்மே. பட்டறைலேர்ந்து வந்து படி ஏறச்சொல்லோ நடுவுல நின்னு பாக்கெட்ல பீடி தேடுவாரு. பாக்கெட்ல பீடியே இருக்காது. நான் கண்டுக்காம வுட்டுட்டேன். நீ நாளிக்கு ஆஸ்பத்திரிக்குப் போற. போவலன்னா உன் கூண்ட நானே ஒட்ச்சிப் போட்டுருவேன்."

பீடிக்கும் புறாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கூண்டை உடைப்பேன் என்றது அத்தைக்குச் சுருக்கென்று தைத்தது. தனக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிவந்து அவள் மூஞ்சியில் அடிப்பதாகச் சபதம் போட்டாள். அப்படித்தான் அத்தை பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கூல் விட்டதும் யூனிஃபார்மோடு நானும் போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அத்தையின் இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் எதிரும் புதிருமாக ஒட்டி வைக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். நானும் என் விரல்களை அப்படி வைத்துப் பார்த்தேன். என் நகங்களுக்கு நடுவில் குட்டியாக ஓர் இடைவெளி, அதன் வழியே ஜன்னல் தெரிந்தது. அத்தையுடையதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அத்தையின் முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கேட்டுவிட்டு என் ஷூவைப் பார்த்தார். லேஸுக்குப் பதிலாக வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வைத்த ஷூ. அந்தப் பட்டையை மெதுவாகப் பிரிக்கச் சொன்னார். நான் பிரித்தேன், கரகரவென்று சத்தம் வந்தது. இந்தச் சத்தம்தான் உங்கள் நெஞ்சுக்குள் கேட்கிறது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.

அத்தைக்கு வந்ததே கோபம். "எண்ணூர்ல அத்தினி சிம்னி நின்னுகினு கீது. அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டியா? என் புறாவ கேக்க வந்துட்ட" என்றாள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் சொல்வேன். டாக்டரும் மறுக்கவில்லை. புகையை விரட்ட என்னால் முடியாது, புறாவை அனுப்ப உங்களால் முடியும் என்றார். ஸ்கேன் எடுத்து, எச்சத் தூசியும் இறகுத் தூசியும் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, விழுந்தது விழுந்ததுதான், இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அத்தைக்கு ஒரே முடிவுதான். இரண்டாம் மாடிக்காரி முன்னாடியே வந்து டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

அப்பா அத்தையைக் கேட்காமல் புறாக்களை ராயபுரம் பக்கம் கல்மண்டபத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் அடைத்து வைத்துப் பழக்கித்தான் திறந்தார். திறந்த அன்றே எல்லாம் எங்கள் மாடிக்கு வந்துவிட்டன. மாடிக்குப் போகக்கூடாது என்று அத்தைக்குக் கட்டளை. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஈரத்துண்டைச் சுழற்றி அவற்றை விரட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாம் மாடிக்காரிதான். புறாக்கள் வருவதை நிறுத்துகிறவரை தினமும் விரட்டினாள். அத்தை எங்கள் வாசலில் நின்று தலைக்கு மேலே இறக்கைச் சத்தத்தைக் கேட்டு அழுதாள். நான் பார்ப்பதைக் கண்டதும், "இன்னாடி பாக்கற?" என்று என்னையும் சண்டைக்கு இழுத்தாள்.

தரைத்தளத்து வீடு ஒன்றோடு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். நாலாம் மாடியை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். இன்றைக்கும் இறங்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து சீரியல் வில்லிகளுக்கு ஒருத்தர் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வருஷத்துக் கதை. புறா போய்விட்டது, எச்சம் போய்விட்டது, கொடியில் துணி வெள்ளை வெளேரென்று காய்ந்தது. அப்படியும் இரண்டாம் மாடிக்காரி விடவில்லை. அத்தை படியேறி வந்து சுவரில் கை வைத்ததும், இப்போது அவளே வெளியே வந்து ஆரம்பித்தாள். கோலம் கோணல் என்றாள். குழம்பு வாசனை சரியில்லை என்றாள். ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. புறாவைத்தான் விரட்டிவிட்டீர்களே, இன்னும் என்ன வேண்டும் என்று நடுவில் புகுந்து கத்திவிட்டேன். அத்தை இருமலுக்கு நடுவே என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"நீ வாய மூடுடி. அது பேசட்டும் வுடு."

இரண்டாம் மாடிக்காரி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே, போன பொங்கலுக்கு அத்தை கட்டிய புடவையின் கலரைத் திட்டிக்கொண்டிருந்தாள். என் தோளில் இருந்த அத்தையின் பிடி மெல்லத் தளர்ந்தது, இருமல் அடங்கியது, மூச்சு சீரானது. இரண்டாம் மாடிக்காரி புடவையைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். மேற்கொண்டு பேச அவளிடம் ஒன்றும் இல்லை, அன்றைக்கு நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு, பையை நான் தூக்கிக்கொண்டு அத்தைக்கு முன்னால் படியேறினேன்.