கூரைக்குள் குடிவந்த மரநாய்

சத்யபாமாவைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் டீயைச் சத்தம்போட்டு உறிஞ்சினான். இரண்டாமவன் அவள் தைத்த சட்டையைப் புரட்டிப் பார்த்து, "கடையில வாங்குனதா?" என்று கேட்டான். மூன்றாமவனிடம் உடனே குறை எதுவும் அகப்படாததால் அவனுடைய அம்மாவிடம் கண்டுபிடித்தாள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவளுடைய அப்பா பர்மாவில் இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் கட்டிய மரவீட்டில்தான் இப்போதும் இருக்கிறாள். மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே உட்கூரையாகப் பலகைத் தட்டி, பின்பக்கம் கூரையோடு உரசும் மாமரம், இரண்டு பப்பாளி. முன்னறையில் மிதிமெஷின் போட்டுப் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் தைத்துக் கொடுப்பாள். கரண்ட் எப்போது வரும் என்று தெருவே காத்துக் கிடக்கும்போது அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருப்பாள். மோட்டார் மெஷின் வைத்திருக்கும் மற்ற தையல்காரர்களைப் பற்றி அவளுடைய அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

கூடவே தம்பி சந்திரமோகனும் இருந்தான். மலேசியாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே என்ன வேலை பார்த்தான் என்பது சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாறும். ஓட்டலில் பாத்திரம் கழுவியவன் போன மாதம் மேனேஜர் வரைக்கும் உயர்ந்திருந்தான்.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் சத்யபாமா எழுந்து பார்த்தால், மடித்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் மஞ்சளாகப் பெரிய கறை. கூடவே மூத்திர நாற்றம். அண்ணாந்து பார்த்தாள். தட்டிப் பலகையிலும் அதே கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

"எலிதான்க்கா" என்றான் சந்திரமோகன், படுக்கையில் இருந்தபடியே.

"எலி இவ்வளவு மூத்திரம் பேஞ்சா அது எலி இல்லடா, உன் சொந்தக்காரன்."

பக்கத்து வீட்டு மா கின் டே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பர்மியில் விளக்கம் சொன்னாள். வீட்டைக் காக்கும் நாத் தேவதைக்குக் கோபம் வந்திருக்கிறது, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தால் சரியாகிவிடும். சத்யபாமா கறைபட்ட சட்டைகளை ஊறவைக்கப் போனாள். சந்திரமோகன் போய் வைத்தான். விடிந்தபோது தோல் மட்டும் கிடந்தது.

"பாத்தியா மா சத்யா, ஏத்துக்கிட்டாரு!" என்றாள் மா கின் டே.

"ஏத்துக்கிட்டவர் பப்பாளி மரத்தடியில வெளிக்கும் போயிருக்காரு. வந்து கும்பிட்டுட்டுப் போ" என்றாள் சத்யபாமா. சேற்றில் கால்தடமும் தெளிவாக இருந்தது. பூனையைவிடப் பெரியது, நகம் பதிந்தது. மரநாய். மாமரத்தின் வழியாக ஏறி, தகரம் தூக்கிக்கொண்டிருந்த மூலையில் நுழைந்து உள்ளே குடித்தனம் நடத்துகிறது.

அன்றிலிருந்து சந்திரமோகன் மரநாய் விரட்டுவதில் நிபுணனாகிவிட்டான். முதலில் சட்டியில் காய்ந்த மிளகாயைப் போட்டுப் புகைத்தான். புகை மேலே போகாமல் வீட்டுக்குள் இறங்கியது. அக்காவும் தம்பியும் மழையில் நின்று இருமினார்கள். மேலே ஒரு சலசலப்பும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு கம்பிப் பொறியைக் கொண்டுவந்து கருவாடு கட்டி வைத்தான். காலையில் அதற்குள் மா கின் டேயின் சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தது. அவள் தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். சத்யபாமாவும் சும்மா இருக்கவில்லை. பூனையை ஒழுங்காகச் சோறு போட்டு வளர்த்தால் அது ஏன் அடுத்த வீட்டுக் கருவாட்டுக்கு வருகிறது என்று கேட்டாள். இரண்டு பெண்களுக்கும் பேச்சு நின்றது.

மூன்றாவது தடவை சந்திரமோகன் பழுத்த வாழைப்பழம் வைத்தான். மரநாய் மாட்டியது. ஆனால் அதை எடுத்துப்போய் எங்காவது காட்டுப் பக்கம் விடுவதற்குப் பதிலாக, பொறியோடு தூக்கிக் குளியலறைக்குப் பின்னால் வைத்துவிட்டு, கண்கள் பளபளக்க உள்ளே வந்தான்.

"அக்கா, இது மரநாய் இல்ல. ஃபேக்டரி!"

"என்ன?"

"காப்பிக்கொட்டைய இது தின்னு வெளிய விடும்ல, அத வறுத்துப் பொடி பண்ணினா வெளிநாட்டுக்காரன் உயிர விடுவான். மலேசியாவுல எங்க ஓட்டல்லயே வெச்சிருந்தோம். பணக்காரன் மட்டும்தான் குடிப்பான்."

சத்யபாமா மெஷினை நிறுத்தினாள். "அந்தப் பீயை வித்துப் பணக்காரன் ஆகலாம்னு பாக்கறியா?"

"பீன்னு சொல்லாதக்கா. சரக்குன்னு சொல்லு."

மார்க்கெட்டில் வாங்கிவந்த வறுக்காத காப்பிக்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைத்தான். மரநாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சர்க்கரை கலந்து வைத்தான். வாழைப்பழத்துக்குள் திணித்து வைத்தான். அது பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் துப்பியது. அவன் குனிந்து, "சாப்பிடு கண்ணு" என்று கொஞ்சியபோது அதன் பின்பக்கத்திலிருந்து அடித்த நாற்றத்துக்கு அவன் சட்டையைக் கழற்றி எறிய வேண்டியிருந்தது.

சத்யபாமா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மரநாய்க்குக் கறுத்த முகம், ஈரமான கண்கள். அந்தக் கண்கள் சந்திரமோகனை ஒரு தடவை மேலும் கீழும் அளந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. அதற்காவது அறிவு இருக்கிறது என்று நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. மெஷினும் நின்றிருந்த நேரம். தலைக்கு மேலே மெல்லிய கீச்சுக் குரல் கேட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறிக் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றல்ல, இரண்டு மூன்று குரல்.

"டேய், அது தாய்டா. மேல குட்டி கத்துது. தொறந்து விடு."

"குட்டியா? அப்ப அதையும் பிடிச்சா..."

அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் சத்யபாமா பின்பக்கம் போய்விட்டாள். பொறியின் கதவு மழையில் துருவேறி இறுகியிருந்தது. கம்பிக்கு உள்ளே விரலை விட்டு நெம்பினாள். கதவு திறந்ததும் மரநாய் அவளுடைய வலதுகைக் கட்டைவிரலை ஆழமாக ஒரு கடி கடித்துவிட்டு மாமரத்தில் ஏறி மறைந்தது. நன்றி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, விரலுக்குப் பெரிய கட்டும் போட்டு அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப வந்து ஊசி போட்டுக்கொள்ளவும் சொன்னார்கள். வீட்டில் பொத்தானும் காஜாவும் பாக்கியாகச் சட்டைகள் குவிந்து கிடந்தன. சந்திரமோகன் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தான். பக்கத்தில் வைத்த டீ ஆறும்வரை கோத்துக்கொண்டிருந்தான். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து ஊசியையும் தொலைத்தான்.

"எந்திரி" என்றாள் சத்யபாமா.

வேலியருகே போய் நின்றாள். மா கின் டே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், பார்க்காததுபோல. இப்படி ஒருத்தரிடம் போய் நிற்பதற்குச் சத்யபாமாவுக்கு வார்த்தையே பழக்கமில்லை.

"மா கின் டே. உனக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமா?"

மா கின் டே கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள். "எதை நெனச்சு உள்ள விரல விட்ட?"

"குட்டி போட்டிருந்துது."

மா கின் டே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் முன்னறையில் உட்கார்ந்து தைத்தாள். பொத்தான்கள் ஒரு கோட்டில் நிற்கவில்லை. சத்யபாமா ஒவ்வொரு சட்டையையும் வாங்கிப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது பெரிய காரியம்.

இரண்டாவது நாள் பொழுது சாயும் நேரத்தில் மா கின் டே அவளுடைய தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினாள். தாய் மரநாய் வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மாமரக் கிளை வழியாக இறங்கி, மதிலின் மேல் நடந்து, பின்னாலிருக்கும் காலி மனைப் புதருக்குள் போனது. திரும்பி வந்தது. மூன்று குட்டிகளையும் அப்படியே கொண்டுபோனது. ஜன்னலில் நின்ற இருவரையும் அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

தட்டியில் சத்தம் ஓய்ந்ததை உறுதி செய்துகொண்டு, மறுநாள் கூரை மூலையைக் கம்பிவலையால் அடைக்கச் சந்திரமோகனை ஏற்றினாள். மலேசியாவில் இதைவிடப் பெரிய கூரையெல்லாம் பார்த்தவன் என்று சொல்லிக்கொண்டே அடித்தான். அவன் இறங்குவதற்குள் வலை ஒரு பக்கம் தொங்கியது. சத்யபாமா அவனைத் தள்ளிவிட்டு, ஏணியில் தானே ஏறி, இடதுகையால் சுத்தியலைப் பிடித்து ஆணி அடித்தாள். கூரைமேல் சாய்ந்திருந்த மாங்கிளையை மட்டும் அவனை வெட்டச் சொன்னாள்.

சட்டைகளை வாங்க வந்த கடைக்காரர் பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குக் கண் தெரியாது என்று சத்யபாமா முடிவு செய்தாள்.

அன்று மாலை மா கின் டே ஒரு தட்டில் லபெத்தோ கொண்டுவந்தாள். வறுத்த பயறும் எள்ளும் தூக்கலாகப் போட்ட தேயிலைக் கலவை. சத்யபாமா ஒரு வாய் தின்றாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள். பிறகு தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளிக் கீழே போட்டுவிட்டு, "உக்காரு" என்றாள்.