கவர்னர் தந்த காணி

வாரம் முழுவதும் வங்கியிலும் அலுவலகத்திலும் இருக்கிற ஜேர்மன்காரர் சிலர், கோடைச் சனிக்கிழமைகளில் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அமெரிக்கா போய்விடுவார்கள். தூரமில்லை, பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே ஒரு புல்வெளிதான். முன்னொரு காலத்தில் வெள்ளையர் அமெரிக்காவில் காடு வெட்டிக் குடியேறியதை நாடகமாக நடத்துகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. அவர்களுடைய சமையற்கூடாரத்தில் பாத்திரம் கழுவப் போனபோதுதான் கண்டேன்.

அன்று கவர்னர் வேஷம் கிளவுஸ் என்பவருக்கு. குடும்பத்துக்கு ஒரு துண்டாக நிலம் பிரித்துக் கொடுத்தவர், ஈரக் கையோடு நின்ற என்னையும் கூப்பிட்டு, ஒரு முளைக்கட்டையில் என் பெயரை எழுதி நீட்டினார். பொழுது படுமுன் அதை நிலத்தில் அடித்துக் கயிற்றுவேலி கட்டாவிட்டால் காணி பறிபோகுமாம்.

சமையல்காரர் சிவம் அண்ணைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எட தம்பி, திங்கக்கிழமை விசா நீட்டுவினமோ எண்டு நித்திரையில்லாமல் திரியிறாய். இஞ்ச பார், அமெரிக்காவில காணியே குடுத்திட்டாங்கள்!"

"சும்மா இருங்கோ அண்ணை," என்றேன். ஆனால் கட்டை கையில் கனத்தது.

வன்னியில், அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்குக் காணி கிடைத்ததும் இப்படித்தான். குறித்த காலத்துக்குள் காடு வெட்டி, கொட்டில் போட்டு, கிணறு தோண்டாவிட்டால் திருப்பி எடுத்துவிடுவார்கள். அப்பா வெட்டினார். அந்தக் காட்டில் தேன் எடுத்துத் திரிந்த சில குடும்பங்கள் இன்னும் உள்காட்டுக்குள் விலகிப் போயின. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று, கிணற்றில் தண்ணீர் கண்ட பிறகும் அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு சண்டை வந்தது. அந்தக் கிணற்றை விட்டு நாங்கள் ஓடியபோது எங்களையும் ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் கட்டையை உடனே அடிக்க மனம் வரவில்லை. தலையில் இறகு செருகி, அந்த மண்ணின் பூர்வகுடியாக நடித்துக்கொண்டிருந்த ஜேர்மன்காரரிடம் போனேன். "உங்கள் நிலத்தில் இதை அடிக்கலாமா?"

அவர் விழித்தார். நான் விதியை விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து கிளவுஸ் ஓடிவந்தார். "இங்கே யாரையும் கேட்கத் தேவையில்லை. நான் தந்துவிட்டேன், நீங்கள் அடிக்கலாம்."

இறகுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. சரி, அடியுங்கள்."

அடித்தேன். கயிறும் கட்டினேன். பொழுது பட்டதும் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார்கள். அடுத்த நாள் நிலத்துக்காரர் புல் வெட்ட வருகிறாராம். மற்றவர்கள் பியர் போத்தலோடு சிரித்துச் சிரித்துப் பிடுங்கினார்கள். நான் கடைசியாகப் போனேன்.

"இழு தம்பி, உது எங்களுக்குப் பழகின வேலைதானே," என்றார் சிவம் அண்ணை. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை விசா அலுவலக டெர்மினில் விசாவை இன்னும் சில மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். இரு என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அன்று பிடுங்கிக் கையோடு கொண்டுவந்த கட்டை இப்போது பல்கனியில் ஒரு மிளகாய்ச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. விதை ஊரிலிருந்து வந்தது. செடி நன்றாக வளர்ந்துவிட்டது, பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். தூக்கிக்கொண்டு போக ஏலாத தொட்டி வாங்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.