வாள்களுக்குத் தைத்த உறை

நேற்று மும்பை சயானில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் புதுத்தோலின் வாடை மூக்கில் ஏறியது. கூடவே, இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் தாராவிப் பட்டறையின் பின்சுவரும் கண்முன் எழுந்து நின்றது.

எண்பதுகளில் தோல்பை தைத்துப் பிழைத்த வாப்பாவுக்கு இருந்த ஒரே பித்து, பழஞ்சாமான் விற்கும் சோர் பஜாரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் பழைய வாள்களைத் தேடி வாங்கி அந்தச் சுவரில் மாட்டுவதுதான். தையல் மிஷின்கள் ஓயாத, தோலின் உப்புக்காற்றில் சுவராணிகூட ஒரு மழை தாங்காத அந்தத் தெருவில், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து பித்தளைப் பிடியைப் புளி போட்டுத் தேய்ப்பார், அலகில் தேங்காயெண்ணெய் பூசுவார், அதில் செதுக்கியிருந்த கிரீடத்தையும் யாரோ ஒரு அதிகாரியின் பெயரையும் என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டுவார்.

எல்லாமே உறையில்லாமல் வந்த வாள்கள். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மழைக்காலத்துக்கு முன், பட்டறையிலேயே நல்ல தோலாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அளவு பார்த்து, காற்றுப் புகாமல் இறுக்கித் தைத்து மாட்டினார்.

மழை விட்டதும் உருவினார், வரவில்லை. தையலைப் பிரித்தால், அலகெல்லாம் துரு. கிரீடமும் இல்லை, பெயரும் இல்லை.

“ஈரத்துல தோலோட உப்பும் ஆசிட்டும் இரும்பைத் திங்கும்னு உங்களுக்குத் தெரியாமலா போச்சு?” என்றார் உம்மா.

வாப்பா அவரைப் பார்க்கவில்லை. செம்மண் நிறமாகிவிட்ட விரல்களை விரித்துப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

“நல்லாப் பொத்தித்தானே வச்சேன், மவளே.”