மாப்பிள்ளை ஜப்பானில் இருக்கிறார்

ஜொகூர் பாருவில் என் உத்தியோகம், ஜப்பான்காரன் அவிழ்த்துவிட்டதை இழுத்து மூடுவது. அங்கே செய்த வீடியோ கேம்கள் நம் பக்கத்துக் கடைகளுக்கு வருமுன் எங்கள் அலுவலகத்துக்கு வரும். நாள் முழுக்க விளையாடிப் பார்த்து, எங்கே சட்டைக் கழுத்து இறங்கியிருக்கிறது, எங்கே ரத்தம் தெறிக்கிறது, யார் குடிக்கிறார்கள் என்று படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஓவியப் பிரிவு கழுத்தை ஏற்றும், ரத்தத்தைத் துடைக்கும். சாராயம் பழச்சாறாகிவிடும். பழச்சாறு குடித்த வீரன் தள்ளாடுவதை மாற்ற மட்டும் யாருக்கும் நேரமிருக்காது.

ஒரு விளையாட்டில் மதுக்கடை நடத்தும் பெண் ஒருத்தி வருவாள். புருஷனை விட்டு வந்தவள், சிகரெட் பிடிப்பாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். சிகரெட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். புருஷனை விட்டு வந்த கதை குடும்பங்களுக்கு ஆகாது என்றார்கள். அவன் கப்பலேறி வியாபாரத்துக்குப் போயிருப்பதாக மாற்றினோம். விளையாட்டு வெளிவந்த மறுநாளே விளையாடும் பையன்கள் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே போட்டுச் சிரித்தார்கள். விரலிடுக்கில் ஒன்றுமில்லை, வாயிலிருந்து மட்டும் புகை வருகிறது.

"அலமாக், பொகைய மறந்துட்டோம்லா" என்று தலையில் கை வைத்தார் என் மேலதிகாரி.

வீட்டில் அம்மா இந்த வேலையில் என்னைவிடக் கைதேர்ந்தவள். நான் விவாகரத்து வாங்கி தம்போயில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்ததும், என் புருஷனை அவள் ஜப்பானுக்கு அனுப்பிவிட்டாள். உண்மையில் அந்த மனிதர் இங்கே பக்கத்திலேயே, உலு திராமில் ஒரு டயர் கடையில் இருக்கிறார். "உன் வேலையும் அந்த ஊரு சமாச்சாரந்தானே, பொருத்தமா இருக்கும்" என்றாள். சொந்தக்காரர் யார் கேட்டாலும் இதே பதில்தான். என்னைப் பெற்றதற்கே வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வாயால் ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

கூலாயில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்கள் பக்கத்தில் அத்தை, அப்பாவின் அக்கா.

"மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டார்.

"ஜப்பான்ல லீவு குடுக்கலயாம் அண்ணி" என்றாள் அம்மா, சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஜப்பானும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை. எங்களுக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சு."

அத்தை என் இலையில் ஓர் அப்பளத்தை எடுத்து வைத்தார். "தெரியும்லா. சாப்புடு" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "தீபாவளிக்காச்சும் வருவாரா?" என்று கேட்டார்.

"பாப்போம் அண்ணி, வேலை எப்படி இருக்கோ."

இரண்டு பேர் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான்தான் அந்த அப்பளத்தைத் தூள்தூளாக நொறுக்கிக்கொண்டிருந்தேன். காரில் ஏறியதும் கத்திவிட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்னை நெனச்சா உங்களுக்கு அவ்ளோ வெக்கமாம்மா?"

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள் அம்மா, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி. "எனக்கு என்ன வெக்கம்? அவரு ஜப்பான்ல இருக்காருன்னு நான் சொல்ற வரைக்கும், எவளும் உன் மூஞ்சிக்கு நேரா வாழாவெட்டின்னு சொல்ல முடியாதுல்ல."

யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாளில் அந்தச் சொல் ஒருமுறைகூட என் காதில் விழுந்ததில்லை.