வெள்ளிக்கிழமைக்கும் சாப்பாடு இருக்கிறது

நீல நிற விமானக் கடிதம் ஒன்று அக்காவின் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கடிதமும் உறையும் முத்திரையும் ஒரே தாளில் அடங்கிய அந்தச் சாமானை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அவர்கள் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பிவிடுவார்கள். முகவரி அத்தானின் கையெழுத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவுக்கு. தபால் கந்தோரின் முத்திரை எங்கும் குத்தப்படவில்லை. நடுவில் ஒரு வடையளவுக்குப் பழுப்பேறிய எண்ணெய்க் கறை. வீடு மாறுவதற்காகப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது அத்தானின் பழைய கணிதப் புத்தகம் ஒன்றிலிருந்து விழுந்ததாம். தனக்கு எழுதப்பட்டு, தனக்கு வராமல், முப்பத்தைந்து வருடங்களாகத் தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்த கடிதத்தைக் கண்டதும் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து இரண்டே சொல்தான் சொன்னார்: “உடனை வா.” வேறு யாராவது என்றால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்கிடையில் அக்கா கேட்ட முதற் கேள்வி, “இது என்ன எண்ணெய்?”

அத்தான் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். எழுபது வயதில் காது மந்தமாவது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் கற்றுவருகிறேன். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எழுபதுகளின் நடுவில் அத்தான் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் செய்ய அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேணின் புறநகரான கிளேட்டனுக்கு வந்தார். அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம். அவர் வந்து காலூன்றியதும் ‘வாரும்’ என்று எழுதுவார், அக்கா கப்பலோ விமானமோ ஏறுவார் என்பது ஏற்பாடு. எட்டு மாதமாகியும் அந்தச் சொல் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. காரணம் அவர் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரி. மிக நல்ல கிழவி. அவரிடம் இருந்த ஒரே குறை, சாப்பிடும் பொருள் எதையும் தண்ணீரில் போடாமல் விடமாட்டார். முட்டைக்கோவாவை அதன் முற்பிறவிப் பாவங்களும் நீங்கும்வரை அவிப்பார். வெள்ளிக்கிழமைகளில் தான் மச்ச மாமிசம் தொடுவதில்லை என்று அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கிழவி அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். வழக்கமான சாப்பாட்டுக் கோப்பையையே கொடுத்தார். இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டார். இறைச்சி இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தைச் சுற்றி இரண்டு கிழங்கும் மூன்று கரட் துண்டும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப்போல இருக்கும்.

தானே சமைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தான் அதுவரை தன் வாழ்க்கையில் குசினிக்குள் போனது தண்ணீர் குடிப்பதற்கு மட்டும். நானோ அதே நகரத்தில் பொறியியல் படித்துக்கொண்டு, மூன்று மாணவர்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்த பருப்பை அத்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு அவர் கிழவியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில் அவருடைய இடுப்புவாரில் நான்கு புதிய ஓட்டைகள் விழுந்தன. அவற்றைச் சம இடைவெளியில்தான் போட்டிருந்தார், கணிதக்காரர் அல்லவா.

மார்ச் மாதத்தில் சிட்னியில் ஒரு கணிதக் கூட்டத்தில் அவர் பேச வேண்டியிருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை என் பழைய காரில் இருவரும் புறப்பட்டோம். கோட்டும் ரையும் கட்டி ஏறியமர்ந்தவர், கார் மெல்பேணைத் தாண்டியதும் உட்பையிலிருந்து இந்த நீலக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அக்கா வர வேண்டாம், புலமைப்பரிசிலை விட்டுவிட்டுத் தானே திரும்பி வருவதாக எழுதியிருக்கிறார். வழியில் தபால் பெட்டி கண்டால் நிற்பாட்டச் சொன்னார். அவருடைய குரலில் கோபமோ துக்கமோ இல்லை. கணக்கின் கடைசி வரியை வாசிப்பதுபோல இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

அந்தக் கடிதத்தில் அவருடைய பட்டம், அக்காவின் எதிர்காலம், எங்கள் இரண்டு குடும்பங்களின் பெருமை எல்லாமே இருந்தன. இவையெல்லாம் என் மனத்தில் வந்து போயின என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு முன்னால் வந்து நின்றது அக்காவின் கத்தரிக்காய்க் குழம்பு. அக்கா வந்தால் ஒவ்வொரு ஞாயிறும் அத்தான் வீட்டுக்குப் போகலாம் என்று எட்டு மாதமாக நான் கட்டிவைத்திருந்த கோட்டை, ஒரு தபால் பெட்டியின் வாய்க்குள் போகப்போகிறது. ஆகவே முதற் பெட்டியைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினேன். இரண்டாவதில், இந்தப் பெட்டியில் கிழமைக்கு ஒரு தரந்தான் எடுப்பார்கள் என்று சொன்னேன். மூன்றாவதன் முன்னால் ஒரு பாரவண்டி நின்றது. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். இந்த நாட்டில் தபால் பெட்டிகளுக்கு ஏன் சிவப்பு அடித்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வங்கரட்டா நகரத்துக்குள் நுழைந்தபோது பிரதான வீதியில் தபால் கந்தோரே மணிக்கூட்டோடு எதிரே வந்தது. நான் சட்டென்று ஒரு பக்கத் தெருவுக்குள் திருப்பினேன். அது இன்னொரு தெருவில் விட்டது. அது ஒரு நீண்ட ரோட்டில் விட்டது. அரை மணித்தியாலம் கழித்து, இரண்டு பக்கமும் மலை, பக்கத்தில் ஓர் ஆறு, சிட்னிக்குப் போகும் ஒரு லொறியைக்கூடக் காணவில்லை. குறுக்கு வழி என்று அத்தானிடம் சொன்னேன். வரைபடம் அவருடைய மடியில்தான் இருந்தது. அவர் அதை விரிக்கவே இல்லை.

திடீரென்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “போயிலை,” என்றார். ஆற்றங்கரை முழுக்க ஆளுயரப் புகையிலை. காரை நிற்பாட்டச் சொன்னார். சிறுநீர் கழிக்கப் போகிறார் என்று நினைத்து நான் மரியாதையாக மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானின் தகப்பனார் புகையிலைத் தோட்டக்காரர். அந்த வரிசைகளுக்குள் மறுபடி குனியாமல் இருப்பதற்காகவே தான் கணிதம் படித்ததாக அத்தான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கோட்டும் ரையுமாக மனிதர் ஒரு வரிசையில் குனிந்து, இலைக் கக்கத்தில் வெடித்திருந்த பக்க முளைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். முளையை விட்டால் இலை மெலிந்துபோகும். கிள்ளாமல் விட்ட தோட்டத்தைக் கண்டதும் கை தன் பாட்டில் போய்விட்டது என்று பிறகு வெட்கத்தோடு சொன்னார்.

தோட்டத்தின் சொந்தக்காரர் டிராக்டரில் இரண்டு மொழிகளில் கத்திக்கொண்டு வந்தார். இத்தாலியின் தெற்கிலிருந்து, கலாபிரியாவிலிருந்து வந்த மனிதர் என்பது பிற்பாடு தெரிந்தது. கிட்ட வந்ததும் கத்தலை நிறுத்தி, அத்தான் முடித்திருந்த இரண்டு வரிசைகளை நடந்து பார்த்தார். கிள்ளிய இடங்களைத் தடவிப் பார்த்தார். யார் பழக்கியது என்று கேட்டார். தகப்பனார் என்றார் அத்தான். அந்த மனிதர் தனக்கும் மெல்பேணில் ஒரு மகன் இருப்பதாகவும், வங்கியில் வேலை என்றும், கட்டியிருப்பது இதே மாதிரி ரை என்றும், ஆனால் முளை கிள்ள வரமாட்டான் என்றும் சொன்னார். பிறகு, புகையிலைப் பால் ஒட்டிக் கறுத்திருந்த அத்தானின் விரல்களைப் பார்த்து, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, வாருங்கள் என்றார்.

அவர் கூட்டிப்போன இடத்தை நான் தனியாகப் போயிருந்தால் டிராக்டர் திருத்தும் கொட்டகை என்று கடந்து போயிருப்பேன். தகரக் கூரை, முன்னால் ஒரு பெற்றோல் பம்பு, ஆணியிலிருந்து கோதுமை மா வரைக்கும் எல்லாம் விற்கும் ஒரு கடை. தபால் வேலையும் அங்கேதான். கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பட்டிகள் தொங்கிய வாசலைத் தாண்டினால் நீண்ட மேசைகள், மரக் கதிரைகள், புகையிலை ஒடிக்கும் இருபது பேர். பெயர்ப்பலகையும் இல்லை, பட்டியலும் இல்லை. சமையல் தோட்டக்காரரின் மனைவி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அத்தானின் ரையைப் பார்த்தார். முகம் சங்கடப்பட்டது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தன் அடுப்பில் இன்றைக்கு இறைச்சி இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

அத்தான் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். எட்டு மாதமாக வெள்ளிக்கிழமைக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்த மனிதரிடம், வெள்ளிக்கிழமைக்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டார். எங்கள் சைவ வெள்ளியும் அவர்களுடைய கத்தோலிக்க வெள்ளியும் உலகத்தின் அடியில் ஒரு தகரக் கொட்டகையில் சந்தித்துக்கொண்டன.

பிறகு சாப்பாடு வந்தது. எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்த கத்தரிக்காய், வதக்கிய கறிமிளகாய், உள்ளி போட்டுக் கடைந்ததுபோன்ற ஒரு கீரை, போஞ்சி விதைக் கறி, அப்போதுதான் சுட்ட மொறுமொறுத்த பாண். இடியப்பத்தின் தமையன் என்று சொல்லத்தக்க ஸ்பகெற்றி, அதில் செத்தல் மிளகாயும் உள்ளியும் எண்ணெயும் தவிர வேறொன்றுமில்லை. வேறொன்று தேவையாகவும் இல்லை. மேசை நடுவில் எண்ணெயில் ஊறிய மிளகாய் ஒரு போத்தல். உறைக்கும், கவனம் என்று அந்த அம்மா எச்சரித்தார். அத்தான் ஒன்றை எடுத்துப் பாணோடு கடித்தார். பக்கத்து மேசை சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். அந்த மேசை அவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டது அந்த நொடியில்தான். எதையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்காத மனிதர் கத்தரிக்காயை நான்காம் தரம் வாங்கினார். நான் எண்ணியதற்குக் காரணம், மூன்றாம் தரத்தோடு என் பங்கு முடிந்துபோயிருந்தது.

வயிறு நிறைந்ததும் அவருக்கு நினைவு வந்தது. தபால் வான் இரண்டு மணிக்கு வருமாம். இன்னும் இருபது நிமிடம். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். இனி ஓட்டுவதற்குக் கார் இல்லை, மறைப்பதற்கு லொறி இல்லை. நான் பாணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த அம்மா, போகும் விருந்தாளிக்குக் கடைசியாக ஒரு கரண்டி என்று, மிளகாய் எண்ணெயை அத்தானின் பாணில் விடக் குனிந்தார். அதில் பாதி கடிதத்தில் விழுந்தது. பதறிப்போய் ஏப்ரனால் துடைத்தார். நாணயமளவு இருந்த கறை வடையளவானது. தோட்டக்காரர் கடைக்குள் போய் ஒரு புது விமானக் கடிதமும் பேனையும் கொண்டுவந்து அத்தானின் முன்னால் வைத்தார். பழையதைப் பார்த்து அப்படியே எழுத நேரம் இருந்தது.

அத்தான் பழைய கடிதத்தைப் பிரித்தார். எண்ணெய் உள்ளே ஊறி, ஒரு வரியைக் கண்ணாடிபோல ஆக்கியிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மரியாதை பார்க்கும் நேரமல்ல அது. ‘இந்த நாட்டில் மனிதர் சாப்பிடக்கூடிய சாப்பாடு ஓரிடத்திலும் இல்லை’ என்ற வரி. அவர் புதுத் தாளில் திகதி போட்டார். அக்காவின் பெயரை எழுதினார். பேனை அதற்கு மேல் நகரவில்லை. வெளியே வான் வந்து நின்ற சத்தம் கேட்டது.

“இதை இனி எழுத ஏலாது, தம்பி,” என்றார்.

“ஏன்?”

“ஓரிடத்திலும் இல்லை எண்டு எழுதியிருக்கிறன். பிழைச்சுப் போச்சு. அதைப் பொய்யாக்க ஒரு எதிருதாரணம் காணும்.”

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. எனக்கு அது அன்றும் இருக்கவில்லை. இந்த இடம் கிளேட்டனிலிருந்து இருநூறு மைல் அல்லவா என்று கேட்டுவிட்டேன். “தூரத்தைப் பற்றி நான் கடிதத்திலை ஒண்டும் சொல்லேல்லை,” என்று சொல்லிவிட்டு, அத்தான் இரண்டே வரி எழுதி, நக்கி ஒட்டி, வான்காரரின் கையிலேயே கொடுத்தார்.

அந்த இரண்டு வரியின் மறுபாதிக் கதையை அக்கா எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அவர் பிரித்த கடிதத்தில், ‘உடனே வாரும். இங்கே வெள்ளிக்கிழமைக்கும் சாப்பாடு இருக்கிறது’ என்று மட்டும் இருந்ததாம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கணிதம் படித்துப் படித்து மருமகனுக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா முடிவுகட்டி, கோயிலில் அர்ச்சனை செய்து, மகளை அடுத்த விமானத்துக்கே ஏற்றிவிட்டார். அக்கா மெல்பேணில் இறங்கியதும் செய்த முதல் வேலை, அத்தானின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தது.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். புகையிலை இருந்த இடத்தில் திராட்சை. தகரக் கொட்டகை இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த உணவகம். இறைச்சி இல்லாத சாப்பாட்டுக்கென்றே தனிப் பட்டியல். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. சாப்பாடு பரவாயில்லை.

நான் இவ்வளவையும் சொல்லி முடிக்கும்வரை அக்கா கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் பிந்தி வந்தாலும், வர வேண்டாம் என்ற சொல் வர வேண்டாம் என்ற சொல்தானே.

“இஞ்சேருங்கோ. என்னை வர வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறீங்கள்.”

“ஓம்,” என்றது பத்திரிகை.

“அப்ப ஏன் இதை வைச்சிருந்தனீங்கள்? கிழிச்சு எறிஞ்சிருக்கலாமே.”

பத்திரிகை இறங்கியது. “நிரூபணத்தை ஆரும் எறிவினமோ?”

அக்கா கறையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். இத்தனை வருடத்தின் பின் அதில் என்ன மணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. “ஒலிவ் எண்ணெய்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். சற்று நேரத்தில் கத்தரிக்காய் பொரியும் சத்தம் கேட்டது. எண்ணெய்க்கும் உறைப்புக்கும் டொக்டர் எழுதிக் கொடுத்த அளவுத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு அதை ஒருவரும் பார்க்கவில்லை. அக்கா வந்து அத்தானின் கோப்பையை நிரப்பி, மேலே இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் விடக் குனிந்தார். அத்தான் ஒரு விரலால் அந்த நீலக் கடிதத்தைக் கோப்பைக்குக் கிட்டே இருந்து மெல்லத் தள்ளி வைத்தார்.