பரண்கள் காலியாக இருந்த நாள்

நான் பொய் சொன்னேன். அடையாற்றுக் குப்பத்துப் பெண்கள் மணலில் போடாமல் சுத்தமாகக் கருவாடு காயவைக்க, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மூங்கில் பரண்கள் கட்டிக் கொடுத்தன. பொறுப்பதிகாரி நான். மேலிடத்துக் குழுவை அம்மன் திருவிழா நாளில் அழைத்து வந்துவிட்டேன். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை, பரண்கள் காலி. நாள் விசாரிக்காதது என் தவறு என்று சொல்ல வெட்கப்பட்டு, "இந்தப் பெண்களுக்கு அக்கறை இல்லை" என்றேன். அரசு உதவி அத்தோடு நின்றது.

ஓய்வு பெற்றபின் இப்போது தஞ்சாவூரிலிருந்து வந்து அதே கரையில் நிற்கிறேன். கட்டுமரங்கள் கரையேறுகின்றன. அன்று பெண்களுக்குத் தலைவியாக இருந்த அஞ்சலை, கூடையோடு நின்று என்னைப் பார்க்கிறாள். நேற்று அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்கிறார்கள் என்கிறேன்.

"ஆபீஸ்ல சொன்னியா சார்? நல்லது. எங்க ஊட்டு ஆம்பளைங்க இன்னிக்கும் 'சர்க்கார் குடுத்தத தூங்கியே தொலைச்சவளுங்க'ன்னு சொல்லிக்கினு கீறானுங்க. அதுக்கு இன்னா பண்ணப்போற?"

அவள் கையை நீட்டிக் காட்டுகிறாள்.

"தோ, மீன் ஏலம் போடறானுங்க பாரு. அங்க வந்து சொல்லு."

ஏலக் கூச்சலுக்கு நடுவே போய், தவறு என்னுடையது, பெண்கள்மேல் குற்றமில்லை என்று சொல்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சலை ஏலக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு. சத்தமா."

சொல்கிறேன். ஒரு கிழவர் துடுப்பைக் கீழே வைக்கிறார். பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், அவள் கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிடுகிறார்.